ஆறிப்போன சாப்பாடும் அட்லாண்டிக் போரும்

ஃபிளவர் வகுப்புக் கார்வெட்டுகளை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு உடனே ஞாபகம் வருவது சாப்பாடுதான். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கில் ஓடிய அந்தச் சின்னக் காவல் கப்பல்களில் அடுப்படி பின்பக்கம், எஞ்சின் அறையை ஒட்டி இருந்தது. மாலுமிகள் தூங்குகிற, சாப்பிடுகிற மெஸ் அணியத்தில், அதாவது கப்பலின் முன்பகுதியில், முன்மேடைக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே கூரை இல்லாத திறந்த தளம், அதுவும் பள்ளமாக, அலை ஏறி உட்காருவதற்கென்றே இடம் விட்ட மாதிரி. சமைத்ததைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஒரு ஆள் அந்தப் பள்ளத்தைக் கடந்து முன்னால் போக வேண்டும். வட அட்லாண்டிக்கில், குளிர்காலத்தில், கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து விழுந்து எழும்போது. போய்ச் சேர்வது ஆறிப்போன சாப்பாடு, இல்லையென்றால் கடல்நீர் கலந்த சாப்பாடு, சில வேளை வெறும் பாத்திரம்.

இதை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு பயிலரங்கில் பேச வந்தவர் இந்தக் கப்பலைத் திரையில் போட்டுக் காட்டினார். கச்சிதமாகச் செய்துகொண்டிருந்தால் போரில் தோற்றிருப்பார்கள், சுமாரான ஒன்றைச் சீக்கிரமாக, நிறையக் கட்டினார்கள், ஜெயித்தார்கள், நீங்களும் அப்படியே வேலை செய்யுங்கள் என்று சாரம். அவர் சொன்ன விவரங்களில் தப்பு எதுவும் இல்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்து கப்பல் பைத்தியம் உண்டு என்பதால் கவனமாகத்தான் கேட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இவ்வளவு போதும் என்று தீர்மானித்தவர்கள் யாரும் அந்தப் பள்ளத்தைப் பாத்திரத்தோடு கடந்தவர்கள் கிடையாது. இந்த ஒரு விஷயம் அந்தத் திரையில் வரவே இல்லை. அதற்கப்புறம் இந்தக் கப்பலைப் பற்றி எதைப் படித்தாலும் அந்தப் பள்ளத்திலேயே வந்து நிற்கிறேன்.

திமிங்கில வேட்டைக் கப்பலின் வாரிசு

முதலில் இந்தக் கப்பல் எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வடிவமைத்தவரைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. 1939இல் போர் வரப்போவது தெரிந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படைக்கு இருந்த பெரிய தலைவலி, வணிகக் கப்பல்களுக்குத் துணை போகக் காவல் கப்பல்கள் போதாது என்பது. டெஸ்ட்ராயர் என்கிற வேகமான போர்க்கப்பல் கட்ட நாள் ஆகும், காசு ஆகும், டர்பைன் செய்யத் தெரிந்த ஆலை வேண்டும், போர்க்கப்பல் கட்டிப் பழகிய கட்டுமானத் தளம் வேண்டும். அவை எல்லாம் ஏற்கெனவே வேலையில் மூழ்கிக் கிடந்தன. காலியாக இருந்தவை சரக்குக் கப்பலும் மீன்பிடிக் கப்பலும் கட்டுகிற சிறிய தளங்கள். அவர்களால் கட்ட முடிகிற ஒரு கப்பல் வேண்டும்.

மிடில்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் சவுத் பேங்க் என்ற இடத்தில் ஸ்மித்ஸ் டாக் என்று ஒரு நிறுவனம். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் கட்டுவதில் பேர் போனவர்கள். அங்கே இருந்த வில்லியம் ரீட் என்ற வடிவமைப்பாளர், 1936இல் கட்டிய சதர்ன் பிரைட் என்ற வேட்டைக் கப்பலை அடிப்படையாக வைத்து இதை வரைந்தார். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான தேர்வுதான். திமிங்கிலம் மூழ்கும், வேறெங்கோ எழும்பும், அதன் பின்னால் சட்டென்று திரும்பத் தெரிந்த கப்பல் வேண்டும். நீர்மூழ்கியைத் துரத்துவதும் கிட்டத்தட்ட அதே பிழைப்பு. 205 அடி நீளம், 33 அடி அகலம், 925 டன், ஒரே ஒரு புரொபெல்லர், 2,750 குதிரைத்திறன் நீராவி எஞ்சின், வேகம் 16 நாட், அதாவது மணிக்கு 16 கடல் மைல். முன்னால் முந்தைய போர்க்காலத்து 4 அங்குலப் பீரங்கி ஒன்று, பின்னால் நீருக்கடியில் போய் வெடிக்கிற ஆழ்வெடிகள், அடியில் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கிற அஸ்டிக் கருவி. அவ்வளவுதான்.

1939 ஜூலையில் முதல் ஆர்டர் போனது. கிளாடியோலஸ் என்ற கப்பலுக்கு அந்த அக்டோபரில் அடிக்கட்டை வைத்தார்கள், ஜனவரியில் தண்ணீரில் இறக்கினார்கள், 1940 ஏப்ரலில் கடற்படையில் சேர்த்துவிட்டார்கள். ஆறு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. அதே வருஷம் ஜூலை 1ஆம் தேதி அது ஒரு சண்டர்லாண்ட் கடல்விமானத்தோடு சேர்ந்து யு-26 என்ற நீர்மூழ்கியைத் தீர்த்துக்கட்டியது. ஹிட்லரின் நீர்மூழ்கிகளைப் பூப்பெயர் வைத்த கப்பல் மூழ்கடிக்கிறது என்பதில் மாலுமிகளுக்கு ஒரு குஷி. அடுத்தடுத்து கனடாவின் பெரிய ஏரிகளிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலும் பசிபிக் கரையிலும், அதுவரை போர்க்கப்பல் பக்கமே போகாத தளங்களெல்லாம் இதைக் கட்ட ஆரம்பித்தன. கடைசியில் பார்த்தால் இந்த வகுப்பில் மொத்தம் கிட்டத்தட்ட 300 கப்பல்கள்.

தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி இருக்கிறார். சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக ஆயுசைக் கழித்துவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறார். அவரிடம் இந்தப் புலம்பலைக் கொட்டினேன். டர்பைன் வைத்திருந்தால் 20 நாட் போயிருக்குமே, நீர்மூழ்கியைவிட மெதுவாகப் போகிற கப்பலை எதற்கு நீர்மூழ்கியைத் துரத்தக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். ஜெர்மானியரின் ஏழாம் வகை நீர்மூழ்கி தண்ணீருக்கு மேலே 17 நாட்டுக்கு மேல் போகும். அவர் சிரித்தார். "தம்பி, டர்பைன கையால தொட்டுப் பாக்க முடியுமா? உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது. பழைய டிரிபிள் எக்ஸ்பேன்ஷன் எஞ்சின் அப்படி இல்ல. எல்லாம் கண்ணு முன்னாடி ஆடிக்கிட்டு இருக்கும். நான் டிரெய்னிங் போன கப்பல்ல பெரியவரு ஒருத்தர் இருந்தாரு, ஓடுற எஞ்சின்ல கைய விட்டு பேரிங் சூட்ட சொல்லுவாரு. போருக்குப் போனவன் எல்லாம் யாரு? சரக்குக் கப்பல்ல ஓடினவன், மீன் புடிச்சவன், ஆபீஸ்ல கணக்கு எழுதினவன். அவன் கையில டர்பைன குடுத்தா நடுக்கடல்ல நின்னுரும்."

அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. அந்தக் கப்பல்களை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் ரிசர்வ் படையினர். வேகமான கப்பல் துறைமுகத்தில் பழுதாகிக் கிடப்பதைவிட மெதுவான கப்பல் கான்வாயோடு, அதாவது கூட்டமாகப் போகும் வணிகக் கப்பல்களோடு, கூடவே போவது மேல், சந்தேகமில்லை. கான்வாய்களே பல 7 நாட், 9 நாட் வேகத்தில்தான் நகர்ந்தன. எஞ்சின் விஷயத்தில் அண்ணாச்சி கட்சிதான் நானும். ஆனால் எஞ்சினைப் பற்றிய அந்த ஞாயத்தை அடுப்படிக்கும் மெஸ்ஸுக்கும் நடுவில் இருந்த பள்ளத்துக்கும் நீட்டிவிடுகிறார்கள். எனக்குத் தகராறு அந்த இடத்தில்தான்.

வேலை மாறியது, கப்பல் மாறவில்லை

ரீட் இந்தக் கப்பலை வரைந்தபோது சொல்லப்பட்ட வேலை, பிரிட்டனின் கரையோரக் காவல். காலையில் போய், ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடுகிற வேலை. அதற்குத் திறந்த தளம் ஒரு பிரச்சினையே இல்லை. ஈரமானால் துறைமுகத்துக்கு வந்து காயப்போட்டுக்கொள்ளலாம், சூடாக ஒரு சாப்பாடும் சாப்பிடலாம். மெஸ்ஸில் இருக்கப்போகிறவர்களும் ஐம்பதுக்குக் குறைவுதான் என்று கணக்கு.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. அதோடு இந்தக் கணக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு லோரியான், பிரெஸ்ட், செயின்ட் நசேர் என்று அட்லாண்டிக்கைப் பார்த்த துறைமுகங்கள் கிடைத்தன. அவை நடுக்கடலுக்குப் போயின, கான்வாய்களுக்குக் காவலும் நடுக்கடல் வரை போக வேண்டியதாயிற்று. டெஸ்ட்ராயர்கள் பற்றாக்குறை. கையில் இருந்தது, மாதாமாதம் கட்டுமானத் தளத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, கார்வெட் ஒன்றுதான். அனுப்பினார்கள்.

இங்கேதான் அந்தக் கப்பலின் விசித்திரமான குணம் வெளிப்பட்டது. நடுக்கடலின் நீளமான அலைகளில் ஒரு டெஸ்ட்ராயர் அலையைக் கிழித்துக்கொண்டு போகும், கிழிக்க முடியாதபோது அடிபடும், உடையும். கார்வெட் குட்டையாக, கொழுகொழுவென்று, நன்றாக மிதக்கிறது. ஒவ்வொரு அலையிலும் ஏறும், இறங்கும், ஏறும்போது ஒரு பக்கம் சாயும், இறங்கும்போது மறுபக்கம். எந்தப் புயலிலும் மிதந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையை அது மாலுமிகளுக்குக் கொடுத்தது, கூடவே நிற்க முடியாத, உட்கார முடியாத, படுக்கவும் முடியாத ஒரு வாழ்க்கையையும் கொடுத்தது. ஈரப் புல்லில் விட்டாலும் இது உருளும் என்பது அவர்களுடைய பிரபலமான கிண்டல். அலையில் ஏறி இறங்கும் அணியத்தில்தான் மெஸ் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கப்பலிலேயே அதிகமாகத் தூக்கிப் போடுகிற இடத்தில் ஆட்களைப் படுக்க வைத்திருந்தார்கள்.

அப்புறம் ஆட்கள் கூடினார்கள். அஸ்டிக் பார்க்க ஆள், ரேடார் பார்க்க ஆள், கூடுதல் ஆழ்வெடிகளைத் தூக்கி வைக்க ஆள், விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்கு ஆள். 85 பேர், சில கப்பல்களில் அதற்கும் மேலே. அதே மெஸ், அதே கொக்கிகள், ஹாம்மாக் என்ற தொங்கு படுக்கைக்கு இடம் கிடைக்காதவன் பெஞ்சிலும் தரையிலும். தரையில் என்றால் ஓடுகிற தண்ணீரில். மேலே காவல் முடித்து வருகிறவன் நனைந்த துணியோடு வந்து, நனைந்த போர்வையில் விழுந்து, நாலு மணி நேரம் கழித்து அதே நனைந்த துணியோடு திரும்பிப் போவான். பிரெட் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும், மிச்சப் பயணம் முழுக்கப் பிஸ்கட்டும் டின் சாப்பாடும்தான். ஒரு பக்கத்துப் பயணமே இரண்டு வாரம் ஆகலாம். முதலில் சொன்னேனே, அந்த ஆறிப்போன சாப்பாடு, அதை இந்த நிலைமையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தீர்வு தெரியாமல் இருந்ததா? இல்லை. ரொம்ப எளிமையான தீர்வு. முன்மேடையைப் பின்னால் நீட்டி, கப்பலை நடத்துகிற மேடையான பாலத்தைத் தாண்டி எஞ்சின் அறை வரை கொண்டுவந்து, அந்தப் பள்ளத்தை மூடிவிட வேண்டும். மூடினால் நடந்து போகவும் கூரை கிடைக்கும், உள்ளே படுக்க இடமும் கிடைக்கும், அலை தளத்தில் ஏறுவதும் குறையும். ஆரம்பத்திலேயே இது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புதிதாகக் கட்டப்பட்ட கப்பல்களில் மாற்றவும் செய்தார்கள். ஏற்கெனவே கடலில் ஓடிக்கொண்டிருந்த கப்பல்களுக்குத்தான் விடிவுகாலம் வரவில்லை. ஒவ்வொரு கப்பலையும் மாசக்கணக்கில் தளத்தில் நிறுத்த வேண்டும், அத்தனை மாசம் ஒரு கான்வாய்க்கு ஒரு காவல் குறையும். கனடாவின் கப்பல்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே கட்டுமானத் தளங்கள் புதுக் கப்பல் கட்டுவதிலேயே மூழ்கியிருந்தன, பழையதைத் திருத்த இடமில்லை. பல கனடியக் கார்வெட்டுகள் 1943 முடிந்து 1944 வரைக்கும்கூட அந்தப் பள்ளத்தோடேயே ஓடின.

இதைத் தவிர்க்க முடியாத கொடுமை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாக ஒன்று கட்டலாமா, பழைய ஒன்றைத் திருத்தலாமா என்று ஒவ்வொரு மாசமும் யாரோ ஒரு அதிகாரி மேஜையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். எண்ணிக்கை மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் தெரியும், ஈரப் போர்வை தெரியாது. தேர்வு சரியாகவே இருந்திருக்கலாம், நான் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் அதையேகூடச் செய்திருப்பேன். ஆனாலும் அது ஒரு தேர்வு. அதைத் தானாக நடந்துவிட்ட விஷயம் மாதிரியும், சாமர்த்தியமான வடிவமைப்பின் ஒரு பகுதி மாதிரியும் பேசுவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரே கப்பல், இரண்டு போர்

சாப்பாட்டோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் இரக்கப் பேச்சாகப் போயிருக்கும். கருவிகள் விஷயத்திலும் அதே கதைதான் நடந்தது, அங்கே விலை உயிராக இருந்தது.

அஸ்டிக் தண்ணீருக்குள் இருப்பதைத்தான் கண்டுபிடிக்கும். ஜெர்மானியர் அதைப் புரிந்துகொண்டு, இருட்டில், மேலே மிதந்தபடியே கான்வாய்க்குள் புகுந்து தாக்கினார்கள். தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கிற அந்தத் தாழ்ந்த உருவத்தைக் கண்ணால் பார்ப்பது கிட்டத்தட்ட முடியாது, பார்த்துவிட்டாலும் கார்வெட் அதைத் துரத்திப் பிடிக்காது. இதை மாற்றியது 271 என்ற ரேடார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1940இல் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய மேக்னட்ரான் என்ற குற்றலைக் கருவி இல்லையென்றால் இது இல்லை. 10 சென்டிமீட்டர் அலை, அதனால் நீர்மூழ்கியின் கோபுரம் அளவு சின்னப் பொருளும் சில மைல் தூரத்தில் தெரியும். 1941 மார்ச்சில் முதலில் பொருத்தப்பட்டது ஆர்க்கிஸ் என்ற ஃபிளவர் கார்வெட்டில்தான். பாலத்துக்குப் பின்னால் விளக்குக் கூண்டு மாதிரி ஒரு குடில், உள்ளே ஆன்டெனாவை ஆபரேட்டரே கையால் சுற்றுவார்.

பிரிட்டிஷ் கப்பல்களுக்கு இது ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கனடியக் கப்பல்களோ ரொம்ப நாள் நீண்ட அலை ரேடாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன, மேலே மிதக்கும் நீர்மூழ்கியைப் பார்க்க அது அவ்வளவாக உதவாது. பல கப்பல்களில் ஜைரோ திசைகாட்டிகூட இல்லை, ஆடுகிற காந்த ஊசியை வைத்துக்கொண்டு ஆழ்வெடித் தாக்குதலுக்கு வழி கணக்குப் போட வேண்டும். போர் தொடங்கும்போது ஆறே டெஸ்ட்ராயர் வைத்திருந்த ஒரு கடற்படை, திடீரென்று கான்வாய் பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்தது. தோல்விகள் வந்தபோது, 1942 கடைசியில், கனடியக் குழுக்களுக்குப் பயிற்சி போதவில்லை, நடு அட்லாண்டிக்கிலிருந்து கொஞ்ச நாள் விலக்கிக்கொள்ளுங்கள் என்று லண்டனிலிருந்து சொன்னார்கள். பயிற்சிக் குறை உண்மைதான். ஆனால் கருவி தராமல், திருத்தத் தளம் தராமல், ஓய்வும் தராமல் ஓட்டிவிட்டு, ஆட்களின் திறமையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது.

பயிற்சி என்றதும் டோபர்மோரி கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்காட்லாந்தின் மல் தீவில் இருந்த அந்தத் தளத்தில்தான் புதுக் கார்வெட்டுகளுக்குப் பயிற்சி. பொறுப்பில் இருந்தவர் கில்பர்ட் ஸ்டீஃபன்சன், ஓய்வு பெற்ற அட்மிரல், அறுபதைக் கடந்தவர், எல்லோரையும் கதிகலங்க வைப்பவர். ஒரு நாள் கப்பல் தளத்தில் தன் தொப்பியைக் கழற்றிப் போட்டு, இது வெடிக்காத குண்டு, என்ன செய்வாய் என்று கத்தினாராம். ஒரு மாலுமி யோசிக்காமல் அதைக் காலால் எத்திக் கடலில் தள்ளிவிட்டான். கிழவர் அசரவில்லை. அது நீச்சல் தெரியாத ஆள், காப்பாற்று என்றாராம். மாலுமிகள் மாறி மாறிச் சொன்னதில் எவ்வளவு மெருகேறியதோ, ஆனால் அடுப்படியும் மெஸ்ஸும் எப்படி இருந்தாலும் இரண்டே வாரத்தில் ஒரு கப்பலை ஒரு குழுவாக மாற்றிவிட முடியும் என்று அந்த மனிதர் நம்பினார், பெரும்பாலும் செய்தும் காட்டினார்.

கருவி, பயிற்சி, ஒழுங்கான குழு மூன்றும் சேர்ந்தால் இந்த மெதுவான கப்பல் என்ன செய்யும் என்பதற்கு 1943 மே மாத ஓ.என்.எஸ். 5 கான்வாய் சாட்சி. பீட்டர் கிரெட்டன் தலைமையிலான பிரிட்டிஷ் காவல் குழு. சன்ஃபிளவர், ஸ்னோஃபிளேக், லூஸ்ஸ்டிரைஃப், பிங்க் என்று நாலு கார்வெட்டுகள். அடங்காத புயலில் எண்ணெய் நிரப்ப முடியாமல் கிரெட்டனின் டெஸ்ட்ராயரே கான்வாயை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சுமார் 40 நீர்மூழ்கிகள் சூழ்ந்துகொண்டன. முதலில் அடி மேல் அடி, 13 வணிகக் கப்பல்கள் போயின. பிங்க் கார்வெட், பின்தங்கிப்போன சில கப்பல்களைத் தனியாளாக மேய்த்துக்கொண்டு வந்தது. ஒரு எதிரொலி கிடைத்துத் துரத்திவிட்டு வந்தது, பார்த்தால் அதன் பாதுகாப்பில் இருந்த வெஸ்ட் மடக்கெட் என்ற கப்பல் டார்பிடோ பட்டு உடைந்திருந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே நகர்ந்தது. பிறகு 5ஆம் தேதி மாலை மூடுபனி இறங்கியது. நீர்மூழ்கிகளுக்குக் கண் போயிற்று, கார்வெட்டுகளுக்கு 271 இருந்தது. அந்தக் கான்வாயைச் சுற்றி நடந்த சண்டையில் குறைந்தது ஆறு நீர்மூழ்கிகள் அழிந்தன, ஸ்னோஃபிளேக்கில் ஆழ்வெடியே தீர்ந்துபோனது. மே 24இல் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளை வட அட்லாண்டிக்கின் கான்வாய்த் தடங்களிலிருந்து விலக்கிக்கொண்டார்.

மெதுவான எஞ்சின் அப்படியேதான் இருந்தது. மற்றதெல்லாம் மாறியிருந்தது. அதனால்தான் சுமாரான கப்பல் ஜெயித்தது என்ற பயிலரங்குக் கதை எனக்குச் செரிக்கவில்லை. சுமாரான கப்பலை யாரோ தொடர்ந்து திருத்திக்கொண்டே இருந்தார்கள், திருத்தம் வந்து சேர்ந்த கப்பல் ஜெயித்தது, வந்து சேராத கப்பல் செத்தது.

மட்டக்களப்புக்குத் தெற்கே

எந்தத் திருத்தமும் உதவாத இடங்களும் உண்டு. அதில் ஒன்று நம் கடல். ஹாலிஹாக் என்ற ஃபிளவர் கார்வெட் 1942 ஏப்ரல் 9இல் இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தது. அன்று காலை ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிகளிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வருகிறது என்று முன்பே துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கி, விமானம் ஒன்றுகூட இல்லாமல், வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயரோடு மட்டக்களப்புக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. இரண்டும் மூழ்கின. ஹாலிஹாக்கும் அதன் கூட வந்த எண்ணெய்க் கப்பலான ஏதல்ஸ்டேனும் அதே விமானங்களிடம் சிக்கி மூழ்கின. நீருக்குள் இருப்பவனைத் தேடுவதற்காகக் கட்டிய கப்பல், டைவ் அடித்து வரும் குண்டுவீச்சு விமானங்களை ஒரு பழைய பீரங்கியும் நாலு சின்னத் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு என்ன செய்யும். மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மிஸைப் பார்க்க முக்குளிக்கப் போகிறவர்கள் நிறைய, அதைப் பற்றி எழுதியதும் நிறைய. ஹாலிஹாக்கைப் பற்றி யாரும் ஒரு வரிக்கு மேல் எழுதி நான் பார்த்ததில்லை. கார்வெட்டுகளுக்கு இது பழகிப்போன மரியாதைதான்.

பழகிப்போன மரியாதை என்றேன், அதற்கு ஸ்பைக்னார்ட் ஒன்று போதும். கனடியக் கார்வெட். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் கான்வாய் அதிகாரிகளுக்கென்று குரோஸ் நெஸ்ட் என்ற மனமகிழ் மன்றம் ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது. 1942 ஜனவரியில் ஒரு நாள் கப்பல் தலைவர்கள் அங்கே தரையில் பெரிய ஆணியை அடிக்கிற போட்டி வைத்து விளையாடினார்கள். ஸ்பைக்னார்டின் தலைவர் ஷாட்ஃபோர்த் அடித்த ஆணி ஒன்று. அடுத்த மாசம் அவருடைய கப்பல் கான்வாயின் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது டார்பிடோ பட்டது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டதால் மற்றவர்களின் கவனம் அங்கே போய்விட்டது. ஸ்பைக்னார்ட் காணவில்லை என்பதே மறுநாள் வரை உறுதியாகத் தெரியவில்லை. தேடிப் போனபோது ஒரு தெப்பத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். அந்த ஆணியை அந்த மன்றத்தில் இன்னமும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். காவலுக்குப் போன கப்பல் மூழ்கியது கூடப் போன காவல்காரர்களுக்கே தெரியாத போர் அது.

போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சில உடைக்கப் போயின, சில சரக்கு ஏற்றின, சில நிஜமாகவே திமிங்கில வேட்டைக்குப் போயின. ஓ.என்.எஸ். 5இல் ஆழ்வெடி தீரும்வரை சண்டை போட்ட ஸ்னோஃபிளேக், வெதர் வாட்சர் என்று பெயர் மாறி, அட்லாண்டிக்கில் நின்று வானிலை சொல்கிற கப்பலாயிற்று. அதே கடல், அதே ஆட்டம், டார்பிடோ மட்டும் இல்லை.

இவ்வளவு கட்டியதில் இன்று மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, சாக்வில். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நினைவுக் கப்பலாக, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, நன்றாகவே பராமரிக்கிறார்கள். 1942 ஆகஸ்டில் மூடுபனியில் நீர்மூழ்கிகளோடு மல்லுக்கட்டிப் பேர் வாங்கிய கப்பல். ஆனால் 1944 தோற்றத்தில் அதை வைத்திருக்கிறார்கள், அதாவது முன்மேடை நீட்டப்பட்ட பிறகான தோற்றம். அந்தத் திருத்தம் சாக்விலுக்கு 1944 தொடக்கத்தில்தான், அமெரிக்காவின் கால்வெஸ்டனில் நடந்தது. அதற்குள் அதன் உக்கிரமான சண்டைகளெல்லாம் முடிந்துவிட்டன. திருத்திய சில மாசத்திலேயே கொதிகலன் பழுதாகி, கான்வாய் வேலையிலிருந்தே விலகிவிட்டது. போரின் பெரும்பகுதியை அதன் மாலுமிகள் பள்ளத்தைத் தாண்டித் தாண்டித்தான் சாப்பிட்டார்கள். இன்று அங்கே போகிறவர் அடுப்படியிலிருந்து மெஸ் வரைக்கும் தலை நனையாமல் நடந்து போய்விடலாம். நான் போனால் வழிகாட்டியிடம் முதலில் கேட்கப்போவது பீரங்கியைப் பற்றி இல்லை, பழைய பள்ளம் எங்கிருந்து எங்கே வரை இருந்தது, தரையில் ஒரு கோடாவது போட்டுக் காட்டக் கூடாதா என்றுதான்.